சைலன்ஸர் மாற்றிய கதை

பைக்கின் சைலன்ஸர் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். புதிய பைப்பை மாட்டுவது சுலபம். பழையதைக் கழற்றுவதில்தான் உயிர் போனது. இன்ஜின் ஹெட்டில் பைப்பைப் பிடிக்கும் இரண்டு நட்டும் துருவில் இறுகிக் கிடந்தன. பலம் காட்டினால் ஸ்டட் (நட்டு ஏறும் மரைக் கம்பி) முறிந்துவிடும், அப்புறம் பெரிய செலவு. அதனால் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஒரு இரவு விட்டேன். காலையில் ரிங் ஸ்பேனரால் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி... அரை மணி நேரத்தில் வந்துவிட்டது.

பழைய கேஸ்கெட் (பைப்பும் இன்ஜினும் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் வளையம்) இன்ஜின் துளைக்குள்ளேயே நசுங்கி ஒட்டியிருந்தது. அதை நெம்பி எடுத்துவிட்டுப் புதியது வைத்தேன். பழையதோடு மாட்டினால் புகை கசியும்.

முதல் தடவை முன் நட்டுகளை முழுசாக இறுக்கிவிட்டேன், சைலன்ஸரைப் பைக்கோடு பிடிக்கும் பின் போல்ட் துளையோடு சேரவே இல்லை! சரி என்று எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, முன்பக்கத்தை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கி, கடைசியில் பின் போல்ட்டை முடுக்கினேன். ஸ்டார்ட் செய்வதற்கு முன் குரோமில் இருந்த கைரேகையைத் துடைத்தேன். சூடானால் கறை நிரந்தரமாகிவிடும். ஒரு ரவுண்டு போய்வந்து, இன்ஜின் ஆறியதும் நட்டுகளைப் பார்த்தால் கால் சுற்று இறுகியது.