தெருப்பூனைக்குக் கருத்தடை: கூண்டுக்கு முன்னும் பின்னும்

ஆபரேஷனை டாக்டர் பார்த்துக்கொள்வார். பூனையைப் பிடித்துக் கொண்டுபோய், அதே இடத்தில் திரும்ப விடுவதுதான் நம் பாடு. முதலில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள். நாள் குறிக்காமல் பிடித்துவிட்டால், மிரண்ட பூனையைக் கூண்டிலேயே நாள்கணக்கில் வைத்திருக்க நேரும்.

ஒரு வாரம், பத்து நாள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தீனி வையுங்கள். அரை மணி கழித்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள். அப்போதுதான் மொத்தம் எத்தனை தலை என்று தெரியும். பெட்டைகளை முதலில் பிடிக்கப் பாருங்கள். நான்கைந்து மாதக் குட்டியே சினைப்படும். சினைக்காலம் 63 முதல் 65 நாள்தான். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததும் தங்கிவிடும். காம்பு புடைத்து, சுற்றி முடி உதிர்ந்திருந்தால் எங்கோ குட்டிகள் இருக்கின்றன. டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கூண்டு வைப்பதற்கு முந்தைய நாள் தீனியை நிறுத்துங்கள், தண்ணீர் இருக்கட்டும். பசியில்லாத பூனை கூண்டை மோந்துவிட்டுப் போய்விடும். கம்பித்தரை காலில் உறுத்தினால் உள்ளே வராது, அதனால் செய்தித்தாளை மடித்து விரியுங்கள். காற்றில் படபடக்காமல் ஓரத்தை ஒட்டிவிடுங்கள். கூண்டு ஆடக்கூடாது. எண்ணெய் வழியும் டின் மீனை மிதிதட்டுக்கு (பூனை மிதித்தால் கதவை விழவைக்கும் தட்டு) அப்பால், கடைக்கோடியில் வையுங்கள். வாசலிலிருந்து விரல் நுனியளவு துணுக்குகள் போதும். வாசலிலேயே நிறைய வைத்தால் அங்கேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடும். எடை குறைந்த குட்டி தட்டை மிதித்தாலும் கதவு விழாது. அதற்குக் கதவைத் தண்ணீர் பாட்டிலால் முட்டுக்கொடுத்து, பாட்டிலில் கயிறு கட்டித் தூர உட்கார்ந்து இழுக்கலாம். வால் உள்ளே போன பிறகு இழுங்கள்.

கதவு விழுந்ததும் பூனை கம்பியில் மூக்கு முட்டி ரத்தம் வரும்வரை மோதும். உடனே தடித்த துணியால் கூண்டை முழுக்க மூடுங்கள்; இருட்டானதும் அடங்கிவிடும். கூண்டை விட்டு நகராதீர்கள், விரலை நீட்டாதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆபரேஷனுக்கு முன் குட்டிகளை ராத்திரி முழுக்கப் பட்டினி போடக்கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்று டாக்டரைக் கேளுங்கள். மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியை நேராக வெட்டச் சொல்லுங்கள், அத்தோடு வெறிநாய்க்கடித் தடுப்பூசியும். காதில் அடையாளம் இல்லாவிட்டால் அதே பூனை மறுபடி கூண்டுக்கு வந்து, வயிற்றைக் கிழித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரியும்.

மயக்கம் தெளியும் நேரத்தில்தான் கவனம் வேண்டும். பூனை கண் திறந்தபடி கிடக்கும், பயப்பட வேண்டாம். உடம்பு சில்லிட்டுவிடும், அதனால் காற்றோட்டத்தை மறிக்காமல் வெதுவெதுப்பான அறையில் வையுங்கள். தலையை நிலையாகத் தூக்கும்வரை தீனி கூடாது. வாந்தி மூச்சுக்குழலில் போய்விடும். ஈறு வெளுத்திருந்தாலோ ரத்தம் சொட்டினாலோ காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கடுவனை மறுநாள் விடலாம். பெட்டையை ஒன்றிரண்டு நாள் வைத்திருங்கள். பால் கொடுக்கும் தாயை மட்டும் நன்றாகத் தெளிந்ததும் சீக்கிரம் விட வேண்டும், குட்டிகள் பட்டினி. ஆபரேஷனால் பால் வற்றாது. பிடித்த இடத்திலேயே விடுங்கள், புது இடத்தில் தீனிக்கும் ஒதுங்குவதற்கும் வழி தெரியாது. கதவு வண்டி ஓடும் பக்கம் பார்த்திருக்க வேண்டாம், திறந்ததும் அம்பு மாதிரி பாயும். வெளியே விட்ட கடுவன் இன்னும் சில வாரம் சினையாக்க வல்லது. அதற்குள் ஏதாவது பெட்டை வயிறு தள்ளினால் ஆபரேஷன் தப்பாகிவிட்டது என்று டாக்டரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.