ராமலிங்க விலாசம் சுவர்ல இருந்து உங்க அனிமேஷனுக்கு ஊர் எடுக்குறது எப்படி

ராம்நாடு கடற்கரையில நடக்குற கதையை அனிமேஷனா பண்ணப்போறீங்கன்னா, நேரா தனுஷ்கோடிக்கு வண்டியை விடாதீங்க, முதல்ல ராமநாதபுரம் அரண்மனைக்குள்ள இருக்குற ராமலிங்க விலாசத்துக்குப் போங்க. ராம்நாட்டை ஆண்ட சேதுபதி ராஜாக்கள்ல ஒருத்தரான கிழவன் சேதுபதி கட்டினது, இப்போ தொல்லியல் துறை மியூசியம். சுவர், தூண், வளைவு, மேற்கூரைன்னு 18-ம் நூற்றாண்டு ஓவியம் நிறைஞ்சு கிடக்கு. என்னைக்கு லீவுன்னு முன்னாடியே விசாரிச்சுக்கங்க, போட்டோ எடுக்கலாமான்னு டிக்கெட் வாங்குற இடத்துலயே கேட்டுருங்க, எடுக்க விட்டாலும் ஃபிளாஷ் வேண்டாம்.

முதல் அரைமணி நேரம் போனைத் தொடாதீங்க. நான் முதல் தடவை போனப்போ போட்டோவா எடுத்துத் தள்ளிட்டு வந்தேன், வீட்ல உக்காந்து பேக்கிரவுண்ட் போடும்போது அந்த ஹால் எவ்வளவு பெருசுன்னே கைக்கு வரல. அதனால அடி வச்சு எண்ணுங்க, தூணுக்குத் தூண் எத்தனை அடி, பக்கத்துல ஆள் நின்னா தலை எதுவரைக்கும் வருது, உள்ள போகப் போக வெளிச்சம் எப்படிக் குறையுதுன்னு சின்னச் சின்ன லேஅவுட்டா கிறுக்கிக்கங்க. பென்சில் போதும். சுவத்துல சாயாதீங்க, சுண்ணாம்புப் பூச்சு மேல போட்ட வண்ணம், ஏற்கனவே உதிர்ந்துக்கிட்டு இருக்கு.

அப்புறம் படத்துக்கு வாங்க. தஞ்சாவூர் மராட்டியரோட சண்டை, சேதுபதியைப் பாக்க வந்த வெள்ளைக்காரங்க, ராமாயணம், பாகவதம்னு கட்டம் கட்டமா போகுது, கீழே தமிழ்லயும் தெலுங்குலயும் எழுத்து. அது அச்சு அசல் ஸ்டோரிபோர்டுதாங்க, கதையைக் காட்சி காட்சியா வரைஞ்சு வைப்போமே, அதேதான்! ஒரு காட்சி எங்க முடியுது, அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னு விரலைக் காத்துல வச்சே தொடர்ந்து பாருங்க. நிழல் போடாமலே கூட்டத்துல ராஜா யாருன்னு எப்படித் தெரியவச்சிருக்காங்கன்னு பாருங்க, உங்க கேரக்டர் டிசைனுக்கு அது ரொம்ப உதவும்.

இனி வெளிய வாங்க. உங்க கதை எந்தக் காலம்னு இப்பவே முடிவு பண்ணணும். சேதுபதி காலம்னா சீமைக்கருவேலம் ஒரு செடிகூட வரக்கூடாது, அது பின்னாடி வெளிநாட்டுல இருந்து வந்தது, பனையும் உடைமரமும் வரைங்க. பாம்பன் ரயில் பாலம் வேணும்னா கதை 1914-க்கு அப்புறம் இருக்கணும். தனுஷ்கோடியில ரயில் நிக்கணும்னா 1964 டிசம்பர் புயலுக்கு முன்னாடி, அதுக்கு அப்புறம்னா இடிஞ்ச சர்ச்சும் மணலும்தான்.

இன்றைய கதைன்னா பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்குற அக்காமாரைப் பாக்காம வராதீங்க. விரல் ஒவ்வொண்ணுலயும் துணியைச் சுத்திக் கட்டிட்டுதான் தண்ணிக்குள்ள இறங்குவாங்க, பாறையும் பாசியும் கையைக் கிழிச்சிரும்னு. அந்தத் துணி கட்டுற பத்து செகண்டை அப்படியே ஒரு ஷாட்டா வைக்கலாம், அவங்க வேலையை ஒரு வசனம் இல்லாம சொல்லிரும். ஆனா வரையறதுக்கு முன்னாடி, "அக்கா, பக்கத்துல உக்காந்துக்கிடவா?"ன்னு கேட்டுட்டு உக்காருங்க, வேலை நேரத்துல குறுக்க போகாதீங்க.

கலருக்கு ஒரு வழி சொல்றேன். சுவர்ல பாத்த சிவப்பு, மஞ்சளை மியூசியத்துலயே சின்னக் கட்டங்களா போட்டு வச்சுக்கங்க, அதே பக்கத்துல சாயங்காலம் கரையில மணல், தண்ணி, படகுப் பெயிண்ட் மூணையும் போடுங்க. ரெண்டு வரிசைக்கும் பொருந்துற கலர் எதுன்னு பாத்து, முதல் பேக்கிரவுண்டை அதுல இருந்து ஆரம்பிங்க.