எந்தக் கடனை முதலில் அடைப்பது?

கையில் மூன்று கடன் இருந்தால், பெரிய தொகைதான் நம்மை முதலில் பயமுறுத்தும். ஆனால் பார்க்க வேண்டியது வட்டி விகிதத்தை. ஓர் உதாரணம்: வங்கிக் கடன் 9,000 வெள்ளி, வட்டி ஆண்டுக்கு 7%. கிரெடிட் கார்டில் 4,000 வெள்ளி, 26%. உரிமம் பெற்ற கடன்கொடுப்பவரிடம் 2,000 வெள்ளி, மாதம் 4%. இந்த 4% சிங்கப்பூர்ச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு. ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 48% ஆகிவிடும்! மாத வட்டி முறையே சுமார் 52, 87, 80 வெள்ளி. 9,000 வெள்ளிக் கடன்தான் இருப்பதிலேயே குறைவாகக் கடிக்கிறது.

அதனால் எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுங்கள். மிஞ்சுவதை வட்டி விகிதம் மிக அதிகமான அந்த 2,000 வெள்ளியில் போடுங்கள், அப்புறம் கார்டு. ஒரு கடன் முடிந்ததும், அதற்குக் கட்டிய தொகையையும் அடுத்ததில் சேர்த்துவிடுங்கள். சிறிய கடனை முதலில் முடித்தால்தான் தெம்பு வரும் என்பவர்கள் அப்படியே செய்யலாம். இந்த உதாரணத்தில் இரண்டு வழியும் ஒன்றுதான்; மற்ற நேரங்களில் வட்டி கொஞ்சம் கூடுதலாகப் போகலாம், ஆனால் பாதியில் கைவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அடமானம் இல்லாமல் வாங்கிய கடன்கள் (பாதுகாப்பில்லாக் கடன்கள்) மாதச் சம்பளத்தைப்போல் 12 மடங்கைத் தாண்டிவிட்டதா? சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் வங்கிகளின் கடன் ஒருங்கிணைப்புத் திட்டத்தை, அதாவது பல கடன்களை ஒரே கடனாகச் சேர்க்கும் திட்டத்தை, பற்றிக் கேளுங்கள். தீபாவளிச் செலவுக்குக் கார்டைத் தேய்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.