மாடியில் பீர்க்கங்காய்ப் பிஞ்சு வெம்பி விழுந்தது: என் அனுபவம்

சென்னையில் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடி மேலே பீர்க்கங்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது. தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் தென்னை நார்க்கழிவுப் பைதான். பூவுக்குக் குறைவில்லை. ஆனால் பிஞ்செல்லாம் விரல் நீளம்கூட வராமல் மஞ்சளாகி விழுந்தன. உரக்கடையில் நுண்ணூட்டம் தெளிக்கச் சொன்னார்கள். தெளித்தேன், கொடி இன்னும் செழித்தது, காய் மட்டும் இல்லை.

விஷயம் மகரந்தத்தில் இருந்தது: ஆண் பூவின் மகரந்தத் தூள் பெண் பூவுக்குப் போய்ச் சேரவில்லை. பீர்க்கம்பூ சாயங்காலம் 5 மணிக்கு மேல்தான் விரியும். அந்நேரத்தில் அவ்வளவு உயரத்துக்கு வரும் தேனீக்கள் எங்கள் பக்கம் ரொம்பக் குறைவு. அதனால் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

ஆண் பூ கொத்தாக, வெறும் காம்பில் நிற்கும். பெண் பூ தனியாக, அடியில் குட்டிப் பீர்க்கங்காயோடு வரும். புதிதாக விரிந்த ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்துவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் தூக்கி நிற்கும் சூல்முடியில் (மகரந்தத்தை ஏற்கும் பகுதி) சுற்றிலும் மெதுவாகத் தடவ வேண்டும். மறுநாள் காலை வரை காத்திருந்தால் பூ வாடிவிடும். சூல் பிடித்த பிஞ்சு பச்சை மாறாமல் கிடுகிடுவென்று நீளும். தடவாமல் விட்டது பழையபடி மஞ்சள்.

சித்திரை வெயிலில் ஆண் பூவே அதிகம் வரும், அதற்குக் கவலைப்பட வேண்டாம். சுரைக்கும் இதே சாயங்கால வேலைதான். பாகல், பூசணி வைத்திருப்பவர்கள் காலையில் 9 மணிக்குள் முடித்துவிடுங்கள்.