நியூயார்க்கின் புனித பாட்ரிக் தின ஊர்வலத்தை எங்கே நின்று பார்க்கலாம்?

மார்ச் 17 அன்று காலை 11 மணிக்கு 44ஆம் தெருவருகே புறப்பட்டு, ஐந்தாம் அவென்யூ வழியே 79ஆம் தெரு வரை செல்லும் இந்த ஊர்வலம், அயர்லாந்தின் காவல் புனிதரான பாட்ரிக்கின் நினைவாக 1762இல் தொடங்கியது. அலங்கார வண்டிகள் கிடையாது. பை ஊதுகுழல் (பேக்பைப்) வாசிப்போர் கன்னங்கள் உப்ப ஊதியபடி நடந்தே செல்வர். 50ஆம் தெருவிலுள்ள புனித பாட்ரிக் பேராலயத்தின் முன் கூட்டம் நெருக்கியடிக்கும் என்பதால், குழந்தைகளுடன் வருவோர் 66ஆம் தெருவுக்கு வடக்கே, சென்ட்ரல் பூங்காவை ஒட்டி நிற்பது நல்லது. தடுப்புகள் வைத்தபின் சாலையைக் கடப்பது கடினமாதலால், பூங்கா இருக்கும் மேற்குப் பக்கத்திற்கு முன்கூட்டியே வந்துவிடுங்கள். அயர்லாந்தின் அடையாள நிறமான பச்சையில் சட்டை அணிவது அழகுதான். ஆனால் மார்ச் மாதக் குளிருக்குக் கனத்த கோட்டும் வேண்டும். 17ஆம் தேதி ஞாயிறாக இருந்தால், ஊர்வலம் முந்தைய நாளே நடைபெறும்.