நீதிமன்ற மனநல அறிக்கையில் மரபணு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி நீதிமன்றங்களுக்கு மனநல அறிக்கை எழுதத் தொடங்கும் இளம் மருத்துவர்கள், எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில் இடறுகிறார்கள். தேதி விடுபடுவது, கையொப்பம் மறப்பது போன்றவற்றை எழுத்தரே சுட்டிக்காட்டிவிடுவார். அவை இங்கு வேண்டாம்.

நோய்க்கான வாய்ப்பைச் செயலுக்கான விளக்கமாக எழுதுதல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். பென்னாகரம் பக்கத்துக் கொலை வழக்கொன்றில், குற்றம் சாட்டப்பட்டவரின் தாய்க்கும் தாய்மாமனுக்கும் மனச்சிதைவு நோய் இருந்ததை வைத்து, பயிற்சி மருத்துவர் ஒருவர் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடத்தோடு பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். இந்நோயில் மரபின் பங்கு ஏறத்தாழ 80 சதவீதம் என்ற வரிக்கு அடிக்கோடு வேறு. அந்த எண், மக்கள்தொகையில் சிலருக்கு நோய் வந்து சிலருக்கு வராதிருக்கும் வேறுபாட்டில் மரபின் பங்கைப் பற்றியது. எதிரில் அமர்ந்திருப்பவருக்கு நோய் வரும் வாய்ப்பு அவ்வளவு என்று அதற்குப் பொருளில்லை. ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தாலும், மற்றவருக்கு வருவது ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான். அரசு வழக்கறிஞர் இதில் எதையும் தொடவில்லை. "சம்பவத்தன்று இவர் எந்த மனநிலையில் இருந்தார், டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். அறிக்கையில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு (பழைய தண்டனைச் சட்டத்தில் 84), செயலைச் செய்த நேரத்தில் ஒருவர் சித்தசுவாதீனம் இன்றி, அச்செயலின் தன்மையையோ அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதையோ அறிய இயலாதிருந்தாரா என்றே பார்க்கிறது. உறுதியான நோயே அதற்குப் போதாது எனும்போது, நோய் வரும் வாய்ப்பு எம்மாத்திரம்? ஆகவே முந்தைய வாரங்களில் உறக்கம் கெட்டதா, மாத்திரையை நிறுத்தினாரா, யாரைச் சந்தேகித்தார், சம்பவத்துக்குப் பின் ஓடி ஒளிந்தாரா, அங்கேயே உட்கார்ந்திருந்தாரா என்பதையெல்லாம் வீட்டாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் தாமதமின்றிக் கேட்டு எழுத வேண்டும்; பழைய ஓ.பி. சீட்டுகளைத் தேடிப்பிடிக்க வேண்டும். குடும்ப வரைபடத்தை அடுத்த ஆண்டும் வரையலாம். சாட்சிகளின் நினைவு அதுவரை தாங்காது.

பல்மரபணு மதிப்பெண்ணை நம்புதல்

பல மரபணுப் பகுதிகளின் சிறு விளைவுகளைக் கூட்டி, நோய்க்கான மரபு வாய்ப்பை ஒரே எண்ணாகச் சொல்வதே இந்த மதிப்பெண். 76,755 நோயாளிகளை வைத்து 2022இல் வெளியான ஆய்வு, மனச்சிதைவு நோயோடு தொடர்புடைய 287 மரபணுப் பகுதிகளைக் கண்டது. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறிது. தரவும் பெரும்பாலும் ஐரோப்பிய, கிழக்காசிய வம்சாவளியினருடையது. அரூர்க்காரர் ஒருவருக்கு அந்த மதிப்பெண்ணை அப்படியே பொருத்த முடியாது.

மரபணுவைக் கொண்டு வன்முறையைக் கணித்தல்

கூடாது.

22ஆம் குரோமோசோமை மறந்துவிடுதல்

அண்ணப்பிளவு, பிறவி இதயக் குறை, கால்சியம் குறைவு ஆகியவற்றோடு மனச்சிதைவும் சேர்ந்திருந்தால், அந்தக் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாதிருக்கிறதா என்று சோதிப்பது நியாயமே. இக்குறைபாடு உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. அப்போதும் அம்முடிவு குற்றப்பொறுப்பைத் தீர்மானிக்காது. ஆனால் மனச்சிதைவுக்கான குளோசாபின் மருந்தைக் கொடுத்தால் இவர்களுக்கு வலிப்பு வரும் அபாயம் கூடுதல் என்பதால், சிறை மருத்துவருக்கு அது உடனே போய்ச் சேர வேண்டும்.