துப்பறியும் நாவலுக்குள் ஒரு கொப்பித் தாள்

மே மாதம் பிறந்தால் ஹட்டன் பக்கம் மழைதான். செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று விடாது. கிராமத்துத் துப்பறியும் கதை வாசிக்க இதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் நாலு அத்தியாயம் போவதற்குள் பாதிரியார், தபால்காரர், கடைக்காரர், அவருடைய மச்சான் எல்லோரும் மனதில் குழம்பிவிடுவார்கள். வேலை முடிந்து இரவில் பத்துப் பக்கம் வாசிப்பவர்களுக்கு இன்னும் சிரமம்.

கொப்பித் தாள் ஒன்றை நாலாக மடித்துப் பக்க அடையாளமாக வையுங்கள். புதுப் பெயர் வந்ததும் ஒரே வரி: யார், எந்த வீடு, யாருக்கு என்ன உறவு. "எட்டரைக்குக் கோயிலில் இருந்தேன்" என்று ஒருவர் சொன்னால் அந்த நேரத்தையும் குறியுங்கள். பின்பக்கத்தில் ஊர்ப்படம் கீறுங்கள். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு எத்தனை குறுக்குப்பாதை என்று நமக்குத் தெரியும்தானே? கதையின் ஊரிலும் அப்படியொரு பாதை இருக்கும். பொய் பல தடவை அங்கேதான் பிடிபடும்.

தொடக்கத்தில் வரும் பெயர்களை விட்டுவிடாதீர்கள். 1929இல் ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நொக்ஸ் இவ்வகைக் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளில் முதலாவதே, குற்றவாளி கதையின் ஆரம்பப் பகுதியிலேயே வந்திருக்க வேண்டும் என்பதுதான்.

பென்சிலால் எழுதுங்கள். இந்த ஈரத்தில் பேனை மை ஊறி அடுத்த பக்கத்திலும் படியும்.